அடுத்த பருவம் யாருக்கு? – இரசிகர் வாதமும் நிகழ்தகவும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

முன்னுரை

விளையாட்டு வினையாகும் என்பர் பெரியோர். விளையாட்டு விவாதமாகும் என்பது எங்கள் புளியறையின் அனுபவம். செங்கோட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில், தமிழ்நாட்டின் கடைசி ஊர்களுள் ஒன்றாக அமைந்தது எங்கள் ஊர். கொல்லத்திற்கும் திருமங்கலத்திற்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுச் சென்று, எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசலைக் கடந்து கேரளத்துக்குள் நுழைகின்றது. சோதனைச்சாவடியில் லாரிகள் நிற்கும். ஓட்டுநர்கள் இறங்கித் தேநீர் அருந்துவர். அங்கே இரு மொழியும் ஒரே பெஞ்சில் உட்காரும். அதில் வியப்பில்லை, 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூரோடு இருந்ததுதானே!

அந்தப் பெஞ்சில் ஆண்டுதோறும் தவறாது நடைபெறும் வழக்கு ஒன்று உண்டு. அடுத்த பருவத்தில் வெல்லப் போவது மஞ்சளா, நீலமா? மஞ்சள் என்பது கொச்சியின் கேரளா பிளாஸ்டர்ஸ். நீலம் என்பது சென்னையின் சென்னையின் எஃப்.சி. இரண்டும் 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் என்னும் கால்பந்துப் போட்டியில் முதற்பருவம் தொட்டே ஆடிவரும் அணிகள். எங்கள் ஊரிலிருந்து சென்னை அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். கொச்சி அதில் பாதித் தொலைவுகூட இல்லை. ஆகவே வண்டியோடு வருபவர் மட்டுமல்லர், உள்ளூர் இளைஞரிலும் மஞ்சள் சட்டைக்காரர் பலர்.

இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இருதரப்பும் வைக்கும் வாதங்களை நாம் வகுப்பில் பயிலும் நிகழ்தகவின் துணைகொண்டு சோதித்து, நல்ல கணிப்பு எது, வெறும் ஆசை எது எனப் பிரித்தறிய முயல்வதே நோக்கம்.

வாதங்கள் நான்கு

பெஞ்சில் கேட்கும் பேச்சு பெரும்பாலும் இவ்வாறு இருக்கும்:

"அண்ணாச்சி, எங்க கையில கோப்பை ரெண்டு இருக்கு. உங்களுக்கு எத்தனை?"

"கோப்பை கிடக்கட்டும்டே. கலூர் ஸ்டேடியத்துல மஞ்ஞப்பட திரண்டு நின்னா எதிராளிக்குக் கால் நடுங்கும். அந்தக் கூட்டம் உங்களுக்கு உண்டா?"

"கூட்டம் கோல் அடிக்குமா?"

"மூணு தடவை ஃபைனல் வந்து தோத்தாச்சு. இனி எங்க முறைதான், பார்த்துக்கோ."

"போன வருசம் எப்படி ஆடினோம்னு மறந்துட்டீங்களா? அதே டீம்தான் வருது."

இச்சிறு உரையாடலுக்குள் நான்கு வாதங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, பழம்பெருமை. இரண்டு, கூட்டத்தின் பலம். மூன்று, இத்தனை முறை தோற்றதால் இனி வெற்றி நிச்சயம் என்பது. நான்கு, சென்ற பருவத்தைப் போலவே வரும் பருவமும் அமையும் என்பது. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

பழம்பெருமை எத்தனை நிமிடம்?

சென்னையின் அணி இருமுறை வாகை சூடியது: 2015-இலும், 2017-18 பருவத்திலும். கேரளா பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2021-22 ஆகிய மூன்று இறுதியாட்டங்களில் தோற்றது. இவை மறுக்க முடியாத உண்மைகள். ஆனால் அந்த உண்மைகளின் உட்புறத்தைச் சற்றே திறந்து பார்த்தல் வேண்டும்.

2015 இறுதியாட்டத்தில் கோவா அணி 87-ஆம் நிமிடத்தில் 2-1 என முன்னிலை பெற்றது. 90-ஆம் நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் மேல் பட்டே பந்து உள்ளே போனது. அடுத்த இரண்டு நிமிடத்திற்குள் மென்டோசா ஒரு கோல் போட, சென்னை 3-2 என வென்றது. மறுபுறம், 2014 இறுதியாட்டத்தில் கேரள அணி கொல்கத்தாவிடம் ஆட்டம் முடியும் கூடுதல் நிமிடங்களில் முகமது ரஃபீக்கின் ஒரே கோலால் தோற்றது. 2016-இல் கொச்சியிலேயே 1-1 எனச் சமமாகிப் பெனால்டி உதையில் 3-4 என இழந்தது. 2022 மார்ச் 20 அன்று ஐதராபாத்திடமும் 1-1; பெனால்டியில் 1-3.

இதனால் விளங்குவது யாது? ஒருவரின் மகுடத்துக்கும் மற்றவரின் கண்ணீருக்கும் இடையே இருந்தது சில நிமிடங்களும் சில உதைகளுமே. அந்நிமிடங்கள் மாறி விழுந்திருந்தால் பெஞ்சில் நெஞ்சை நிமிர்த்தியிருப்பவர் வேறொருவர். கோப்பை எண்ணிக்கை உண்மை; அதிலிருந்து 'நாங்களே இயல்பில் மேலானவர்' என்று தாவுவதுதான் தவறு.

வலிய அணி எத்தனை முறை வெல்லும்?

கால்பந்தில் கோல்கள் மிகக் குறைவு. எனவே தற்செயலுக்கு அங்கே இடம் மிகுதி. இதை எண்களால் காட்டலாம்.

அரிதாக நிகழும் நிகழ்ச்சிகளை எண்ணுவதற்குப் பாய்சான் பரவல் பயன்படுகின்றது. பிரெஞ்சுக் கணிதர் பாய்சான் இதனை 1837-இல் வெளியிட்டார். 1898-இல் போர்ட்கேவிச் என்பவர் பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து மாண்ட வீரர்களின் எண்ணிக்கைக்கு அதனைப் பொருத்திக் காட்டினார். 1982-இல் மேஹர் என்னும் புள்ளியியலாளர் ஆங்கிலக் கால்பந்து ஆட்டங்களின் கோல் எண்ணிக்கையை இப்பரவலைக் கொண்டு ஆராய்ந்தார். குதிரையின் உதைக்குப் பொருந்தியது பந்தின் உதைக்கும் பெருமளவு பொருந்திற்று!

ஓர் ஆட்டத்தில் வலிய அணி சராசரியாக 1.5 கோலும், மெலிந்த அணி சராசரியாக 1 கோலும் போடக்கூடியவை எனக் கொள்வோம். அதாவது முன்னது பின்னதைப் போல ஒன்றரை மடங்கு வலியது. பாய்சான் வாய்ப்பாட்டின்படி வலிய அணி 0, 1, 2, 3 கோல் போடுவதற்கான நிகழ்தகவுகள் முறையே 0.223, 0.335, 0.251, 0.126. மெலிந்த அணிக்கு அவை 0.368, 0.368, 0.184, 0.061.

இரண்டும் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டால் பெருக்கலே போதும். 0-0 ஆக முடிய 0.223 × 0.368 = 0.082. 1-1 ஆக முடிய 0.335 × 0.368 = 0.123. 2-2 ஆக முடிய 0.251 × 0.184 = 0.046. 3-3 ஆக முடிய ஏறத்தாழ 0.008. இவற்றைக் கூட்டினால் ஆட்டம் சமநிலையில் முடிய நிகழ்தகவு ஏறக்குறைய 0.26. இதே முறையில் எஞ்சியவற்றையும் கணக்கிட்டால், நூறு ஆட்டங்களில் வலிய அணி 49-இல் வெல்லும், 26 சமநிலை, மெலிந்த அணி 25-இல் வெல்லும்.

நண்பர்களே, இவ்விடையைச் சற்று நின்று பாருங்கள். ஒன்றரை மடங்கு வலிய அணிகூடப் பாதி ஆட்டங்களுக்கு மேல் வெல்வதில்லை! நான்கில் ஓர் ஆட்டத்தில் தோற்கவும் செய்கிறது. ஆகவே ஓர் ஆட்டத்தின் முடிவைக் கொண்டு 'யார் பெரியவர்' எனத் தீர்ப்பெழுதுவது, ஒரு சோற்றைப் பதம் பார்ப்பது போன்றதன்று. ஒரே ஒரு மழைத்துளியைக் கொண்டு பருவமழையை அளப்பது போன்றதாகும்.

கூட்டம் கோல் அடிக்குமா?

சொந்தக் களத்தில் ஆடும் அணிக்கு அனுகூலம் உண்டு என்பது உலகெங்கும் கண்ட உண்மையே. கொரோனா காலத்தில் வெற்று அரங்குகளில் ஆடியபோது ஐரோப்பிய லீகுகள் பலவற்றில் அந்த அனுகூலம் குறைந்ததாக ஆய்வுகள் காட்டின. எனவே கூட்டத்திற்குப் பலன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அப்பலன் எவ்வளவு என்பதே வினா.

அறிவியல் மாணவர்க்கு இயற்கையே ஒரு சோதனையை அமைத்துக் கொடுத்தது. 2020-21, 2021-22 ஆகிய இரு பருவங்களின் லீக் ஆட்டங்களும் முழுவதும் கோவாவிலேயே, கூட்டமின்றி நடைபெற்றன. மஞ்ஞப்படயின் ஆரவாரம் இரண்டு ஆண்டும் இல்லை. முதல் ஆண்டில் கேரளா பிளாஸ்டர்ஸ் 20 ஆட்டங்களில் 17 புள்ளி பெற்று, 11 அணிகளில் பத்தாம் இடத்தில் நின்றது. மறு ஆண்டில் அதே 20 ஆட்டங்களில் 34 புள்ளி, நான்காம் இடம், இறுதியாட்டமும் கிட்டியது. கூட்டம் இரண்டிலும் பூச்சியம். புள்ளியோ சரியாக இருமடங்கு. ஆகவே இம்மாற்றத்திற்குக் காரணம் கூட்டமாக இருத்தல் இயலாது. ஆட்டக்காரரிலும் பயிற்சியிலும்தான் தேடவேண்டும்.

நீலக்கட்சிக்கும் இதற்கு ஒரு சான்று உண்டு. 2015 டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அதனால் சென்னை தன் சொந்தக்கள அரையிறுதியைப் புனேயில் ஆட நேர்ந்தது. ஊரும் இல்லை, ஊராரும் இல்லை. எனினும் கொல்கத்தாவை 3-0 என வென்றது. கூட்டம் துணை, காரணமன்று.

'இனி எங்கள் முறை'

மூன்றாவது வாதம் உள்ளத்தைத் தொடுவது. கணக்கில் மட்டும் நிற்காதது. சம பலமுள்ள இருவர் மோதும் இறுதியாட்டம் நாணயச் சுண்டல் போன்றது எனக் கொண்டால், மூன்றிலும் தோற்க நிகழ்தகவு எட்டில் ஒன்று. இது அரிது; ஆனால் அதிசயமன்று. மூன்று முறை பூ விழுந்தபின் நான்காம் முறை தலை விழுவதற்கான வாய்ப்பு கூடுமா? கூடாது. நாணயத்திற்கு நினைவாற்றல் இல்லை. நான்காவது இறுதியாட்டத்திலும் வாய்ப்பு பாதிக்குப் பாதியே. சூதாடிகளைக் குடிமுழுகச் செய்யும் மயக்கம் இதுவேயாகும். 'தொடர்ந்து தோற்றதால் இனியும் தோற்பார்' என்பதும் அதே மயக்கத்தின் மறுபக்கம்.

சராசரிக்குத் திரும்புதல்

நான்காவது வாதமே ஆழமானது. சென்ற பருவத்தின் நிலை வரும் பருவத்திற்கு வழிகாட்டுமா?

1886-இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை ஒப்பிட்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகவே இருந்தாலும் பெற்றோரளவு இல்லை. மிகக் குட்டையானவரின் பிள்ளைகள் அவரினும் சற்று உயரம். எல்லையில் நிற்பவை சராசரியை நோக்கித் திரும்புகின்றன. ஆட்டத்திலும் அவ்வாறே. ஒரு பருவத்தின் வெற்றி என்பது திறமையும் தற்செயலும் சேர்ந்த கூட்டுத்தொகை. உச்சத்தைத் தொட்ட அணிக்குத் தற்செயலும் துணை நின்றிருக்கும். அத்துணை அடுத்த ஆண்டும் வரும் என்பதற்கு உறுதியில்லை. இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி அணி 2014-15 பருவத்தில் 14-ஆம் இடம், 2015-16-இல் முதலிடம், 2016-17-இல் 12-ஆம் இடம்.

நம் வழக்குக்கு வருவோம். 2017-18 பருவத்தில் சென்னையின் அணி 18 லீக் ஆட்டங்களில் 32 புள்ளி பெற்று இரண்டாம் இடத்தில் நின்று, பின் கோப்பையும் வென்றது. 2018-19 பருவத்தில் அதே 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 சமநிலை, 13 தோல்வி, 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாம் இடம். பயிற்றுநர் ஜான் கிரெகரி இரண்டு ஆண்டும் அவரே.

இவ்வீழ்ச்சி தற்செயல்தானா? முன் கண்ட எண்களையே பயன்படுத்துவோம். வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1 எனில், நம் 'வலிய அணி' ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக 1.72 புள்ளியும், 18 ஆட்டங்களில் 31 புள்ளியும் பெறும். திட்டவிலக்கம் கணக்கிட்டால் ஏறத்தாழ 5.5. ஆகவே அதே அணி, திறமை சிறிதும் மாறாமல், ஓராண்டு 26-உம் மறு ஆண்டு 36-உம் பெறலாம். அது தற்செயலின் வேலை. ஆனால் 9 புள்ளி என்பது 31-க்கு நான்கு திட்டவிலக்கங்கள் கீழே உள்ளது. அத்தனை தூரம் தற்செயல் மட்டும் இழுத்துச் செல்லாது. ஏதோ ஒன்று மெய்யாகவே மாறியிருக்க வேண்டும். மாறித்தான் இருந்தது. தற்காப்பைத் தாங்கிய அணித்தலைவர் செரினோ விலகிவிட்டார். வியாசர்பாடி தந்த நடுக்கள வீரர் தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தால் ஆட இயலவில்லை.

இங்கேதான் கணிதத்தின் பயன் தெரிகின்றது. எது தற்செயல், எது காரணம் தேடவேண்டிய மாற்றம் என்று அது பிரித்துக் காட்டுகின்றது. 'போன வருசம் எப்படி ஆடினோம்' என்னும் கேள்வியினும் 'போன வருசம் ஆடியவர் யார் யார் இந்த வருசம் இருக்கிறார்' என்னும் கேள்வியே மேலானது.

அதே பருவத்தில் மஞ்சள் அணியும் இரண்டே வெற்றிதான் பெற்றது என்பதைப் பெஞ்சில் எவரும் நினைவூட்டுவதில்லை! ஆனால் 9 ஆட்டங்கள் சமநிலையானதால் 15 புள்ளியோடு ஒன்பதாம் இடம். அவ்விரு வெற்றிகளுள் ஒன்று சென்னைக்கு எதிரானது.

இன்னொன்றும் கூறவேண்டும். 'தமிழ்நாட்டுக் கால்பந்தே அவ்வாண்டு விழுந்தது' எனச் சிலர் பொதுமைப்படுத்துவர். அதே 2018-19-இல் கோயம்புத்தூரைக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி அணி ஐ-லீக் வாகையைச் சூடியது. 43 புள்ளி அதற்கு. 42 புள்ளி ஈஸ்ட் பெங்காலுக்கு. 2019 மார்ச் 9, கடைசி நாளன்று ஈஸ்ட் பெங்காலைக் கோழிக்கோட்டில் எதிர்த்து நின்றது கேரளத்தின் கோகுலம் அணி. தமிழ்நாட்டு இரசிகர் கேரள அணியின் வெற்றிக்காக வேண்டிக்கொள்ள வேண்டிய நாள் அது! கோகுலம் தோற்றது, சென்னை சிட்டி மினர்வா பஞ்சாபை வென்றதால் தப்பியது.

கணிப்பை எவ்வாறு சொல்லவேண்டும்?

'இந்த முறை பார்த்துக்கோ' என்பது கணிப்பன்று. அது பொய்யாகவே முடியாத சொல். பொய்யாக முடியாதது மெய்யாகவும் முடியாது. 'எங்கள் அணி முதல் ஆறு இடங்களுக்குள் வரும், நிகழ்தகவு 0.6' என்பதே கணிப்பு. அதைச் சோதிக்கலாம்.

1950-இல் பிரையர் என்னும் வானிலை அறிஞர் மழைக் கணிப்புகளுக்கு மதிப்பெண் இட ஒரு வழி கூறினார். நிகழ்ந்தால் 1, நிகழாவிட்டால் 0. கணித்த எண்ணுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்தினால் அதுவே பிழை மதிப்பெண். குறைவாக இருப்பவர் சிறந்தவர். ஒருவர் 0.8 என்கிறார், மற்றவர் 0.6 என்கிறார். அணி ஆறு இடங்களுக்குள் வந்துவிட்டால் பிழைகள் 0.04, 0.16. வராவிட்டால் 0.64, 0.36. மிகை உறுதிக்கு வெற்றியில் கிடைக்கும் ஆதாயம் சிறிது. தோல்வியில் கட்டும் அபராதம் பெரிது. அடக்கம் ஓர் அறம் மட்டுமன்று, நல்ல கணக்கும் ஆகும் என்பதை இதைவிட எளிதாக எப்படிச் சொல்வது?

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பருவம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் ஐந்து கணிப்புகளை எண்ணோடு எழுதி வைக்கட்டும். பருவ இறுதியில் கூட்டிப் பார்க்கட்டும். குரல் உயர்ந்தவரன்று, கணக்கில் நின்றவரே பெஞ்சின் தலைவர்.

எவரும் எழுதாத நிபந்தனை

ஆயினும் எல்லாக் கணிப்புக்கும் அடியில் சொல்லப்படாத நிபந்தனை ஒன்று உண்டு. 2025 ஜூலையில், போட்டியை நடத்தும் உரிமை பற்றிய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால், இந்தியன் சூப்பர் லீகின் அடுத்த பருவம் நிறுத்தி வைக்கப்பட்டது. முந்தைய இரு ஆண்டுகளிலும் செப்டம்பரில் தொடங்கிய போட்டி 2025 முடியும் வரை தொடங்கவேயில்லை. வீரர் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்த சங்கமும் உண்டு. மஞ்சளா நீலமா என்று வாதிட்டவருள் எவரும் 'ஆட்டமே நடவாதிருக்க நிகழ்தகவு எவ்வளவு' என்று கேட்டிருக்கவில்லை. நாம் கூறும் நிகழ்தகவெல்லாம் 'ஆட்டம் நடந்தால்' என்னும் நிபந்தனைக்கு உட்பட்டவையே.

அப்போதுதான் ஓர் உண்மை புலனாகின்றது. எதிர்க்கட்சி இரசிகன் பகைவன் அல்லன். அவனும் அதே நிபந்தனையின் கீழ் நிற்பவன். நீலம் இல்லாத மஞ்சளுக்கும், மஞ்சள் இல்லாத நீலத்துக்கும் வெல்ல ஆளில்லை.

முடிவுரை

கடந்ததைக் கொண்டு வருவதைச் சொல்வது கால்பந்தோடு நிற்பதில்லை. மனிதரைப் பற்றியும் அவ்வாறே கணிப்பு கூறப்படுகின்றது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். 'அந்த வீட்டில் யார் படித்தார்கள், இவன் படித்து முடிக்க?' என்று ஊரில் கேட்டவர் உண்டு. கேட்டவர் தீயவர் அல்லர். அவர்களும் 'போன பருவத்தை' வைத்துப் பேசினார்கள், அவ்வளவே. ஆனால் அக்கணக்கில் ஒரு பிழை உண்டு. என் தந்தையும் பாட்டனும் கல்லூரிக்குப் போய்த் தோற்றவர் அல்லர், போகவே வாய்க்காதவர். ஆடாத ஆட்டத்தைத் தோல்விப் பட்டியலில் எழுதலாகாது. முயற்சியும் பூச்சியம், வெற்றியும் பூச்சியம் எனில் விகிதம் பூச்சியமன்று. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் மதிப்பே இல்லை என்பதை முதலாண்டு மாணவனும் அறிவான். அத்தகைய வீடுகளிலிருந்து இக்கல்லூரிக்கு வந்திருப்போர் நம்மில் பலர். நம்மைப் பற்றிக் கணிக்க முன்பருவம் இல்லை, நாமே முதற்பருவம்.

ஆகவே மாணவ நண்பர்களே! நம் அணியை நேசிப்போம், எதிரணியை மதிப்போம். வாதிடும்போது எண்ணோடு வாதிடுவோம். தற்செயலைத் திறமை என்று பெருமை பேசாமலும், தற்செயலால் வந்த தோல்வியைத் தகுதியின்மை என்று நொந்துகொள்ளாமலும் இருக்கக் கற்போம். கோப்பை எந்த நிறத்துக்குப் போனாலும், அந்தக் கல்வி நம் கையில் நிற்கும்.